ஒன்பதாம் நாள் ஆற்று மீன்

இந்த நாட்டில் ஆற்றில் தூண்டில் போடுவதற்கு டிக்கெட் எடுக்க வேண்டும். அதை விற்பது அதிகாரி யாரும் இல்லை. பாலும் சோற்று உருண்டையும் விற்கிற, கொன்பினி என்கிற மூலைக்கடை. வாங்கிய டிக்கெட்டை வெளியே தெரிகிற மாதிரி சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர் சோழவந்தானில் போய் இதைச் சொன்னால், ஆத்துல தண்ணியவே காணோம், இதுல டிக்கெட்டு வேறயா என்பார்கள். வேறொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அம்மா செத்து அன்றைக்கு ஒன்பதாம் நாள்.

நான் இருப்பது ஜப்பானில் நகானோ பக்கம், மலைக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். இயந்திர உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறேன். ஐந்து வருடம் ஆகிறது. சேதி வந்தது ஒரு சனிக்கிழமை, ஓவர்டைம் வேலையில். தம்பி பாண்டிதான் கூப்பிட்டான். "அண்ணே, அம்மா போயிருச்சுண்ணே" என்றான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அய்ஸ் பொட்டி சொல்லி நாளன்னைக்கி வரைக்கும் வச்சிருக்கலாம்ங்கிறாக. நீ வாரியா?" என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. "வேணாம்டா, எடுத்துருங்க" என்றேன். அப்புறம் போய் மீதி வேலையை முடித்தேன். அளவு ஒன்றுகூடத் தப்பவில்லை. விடுப்பு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள், விமான டிக்கெட்டும் கிடைத்திருக்கும். ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னை யாரும் கேட்கவில்லை.

கொள்ளி பாண்டி வைத்தான். அவனே மொட்டை போட்டான். எனக்கென்று மிச்சம் இருந்தது தீட்டு மட்டும்தான். எங்கள் பக்கத்தில் துக்க வீட்டில் பதினாறு நாளைக்குக் கவுச்சி ஆகாது. கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, தாய்மாமன் கறிச்சோறு ஆக்கிப் போட்டால்தான் பிள்ளைகள் கவுச்சியைத் தொடலாம். அதையாவது ஒழுங்காக இருந்து முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். இருந்துவிட்டால் நானும் அந்த வீட்டுப் பிள்ளைதான். இதைப் பக்தி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்; பிடித்துக்கொள்ள வேறெதுவும் கையில் இல்லை.

கேன்டீனில் வெறும் சோற்றையும் ஊறுகாயையும் தின்றேன். எதிரில் உட்காருகிற மொரிதா-சான் ஒரு வாரமாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அடுத்த லேத்தில் நிற்பவர், ஓய்வு பெறப்போகிற வயது. என் ஜப்பானிய மொழிக்கு இறங்கி வந்து இரண்டிரண்டு வார்த்தையாகத்தான் பேசுவார். வயிற்றைத் தொட்டுக் காட்டி, "ஒனாகா?" என்றார். வயிறு சரியில்லையா என்று கேட்கிறார். அம்மா செத்ததை அங்கே யாருக்கும் நான் சொல்லவில்லை. "ஹாய்", அதாவது ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். வயிற்றுக்கோளாறுக்கு ஆற்று மீன் நல்லது என்று அவராகவே முடிவு செய்துவிட்டார் போல. சனிக்கிழமை வந்து, "ஞாயிறு. ஆற்றுக்கு" என்றார். தீட்டுக்காரன் மீன் பிடிக்கப் போவானா என்று நீங்கள் கேட்கலாம். மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தெரிந்த ஜப்பானிய வாக்கியங்கள் எல்லாம் நீளமானவை. பிடிக்கிறது வேறு, தின்கிறது வேறு என்று சமாதானம் சொல்லிக்கொண்டு போனேன்.

அவர் செய்வது தென்கரா. சோழவந்தானுக்கு எதிர்க்கரையில் தென்கரை என்று ஒரு ஊர் இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை. இந்தத் தூண்டிலில் நைலான் நரம்பைச் சுற்றுகிற ரீல் கிடையாது. நீளமான கம்பு, நுனியில் கட்டிய நரம்பு, அதன் முனையில் நூலும் இறகும் சுற்றிய ஒரு கொக்கி, அவ்வளவுதான். அந்தப் பொய்ப்பூச்சிக்குப் பெயர் கெபாரி. நம்ம ஊரில் மண்புழுவைக் குத்திப் போட்டுவிட்டு பீடியைப் பற்றவைத்து உட்கார்ந்துவிடலாம். இங்கே உட்காரக் கூடாது. வீச வேண்டும், மூன்று எண்ண வேண்டும், தூக்க வேண்டும், மறுபடி வீச வேண்டும். முழங்கால் வரை பனித்தண்ணீர். கால் மரத்துப்போயிற்று. கைக்கு வேலை இருந்தது, மனசுக்கு இல்லை. எனக்கு அது தோதாக இருந்தது.

அம்மா கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போகிறவள். மீன் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை போன் பேசினால் முதல் கேள்வியே, "மீனு கெடைக்குதாய்யா அங்க?" என்பதுதான்.

"கெடைக்குது. அம்புட்டும் கடல் மீனுதேன்மா."

"கடல் மீனுல என்னத்த ருசி இருக்கு? ஆத்து மீனு இல்லையா?"

"இங்க ஏதும்மா ஆத்து மீனு."

ஐந்து வருடம் இதையே சொல்லியிருக்கிறேன். என் அறையிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில்தான் அந்த ஆறு. எட்டிப் பார்க்கக்கூடச் சோம்பல் எனக்கு.

மத்தியானத்துக்குள் எனக்கு ஒரு மீன் மாட்டியது. மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி, பெயர் இவானா. ட்ரவுட் சாதி என்றார் மொரிதா-சான். எனக்குச் சந்தோஷம் எதுவும் வரவில்லை. மொரிதா-சான் தன்னிடம் மாட்டிய சின்னதுகளை எல்லாம் திருப்பி விட்டுவிட்டு, என்னுடையதையும் தன்னுடையது ஒன்றையும் மட்டும் கழுவி, உப்பைத் தடவி, மூங்கில் குச்சியில் குத்திச் சுள்ளித் தீயில் சுட்டார். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குச்சியை நீட்டினார். வாங்கிக் கடித்தேன். நன்றாக இருந்தது. சேற்று வாடையே இல்லை. இங்கேயும் ஆற்று மீன் இருக்கிறது, அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போனை எடுத்து அம்மா பெயரை அழுத்தினேன்.

"அண்ணே?" என்றது பாண்டியின் குரல். அம்மா போன் வீட்டில்தான் இருந்தது, அவன் எடுத்திருக்கிறான். அம்மா செத்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒன்பது நாளாகத் தெரியும், இருந்தாலும் அப்போதுதான் தெரிந்தது. வாயில் மீன் இருந்தது.

"கவுச்சி தின்னுட்டேன்டா பாண்டி."

 "சரி விடுண்ணே. வெளிநாட்டுல இருக்கவனுக்கு அதெல்லாம் கெடையாதுன்னு மாமா அன்னைக்கே சொல்லிட்டாக" என்றான். கெட்ட வார்த்தையில் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எம்புட்டோ நன்றாக இருந்திருக்கும். நான் இருந்த தீட்டை அங்கே யாரும் எண்ணவே இல்லை.

போனை வைத்ததும் அழுதேன். மொரிதா-சான் ஓடி வந்து முதுகில் தட்டினார். தொண்டையில் முள் சிக்கிவிட்டது என்று நினைத்துவிட்டார். பையிலிருந்து சோற்று உருண்டையை எடுத்து, மெல்லாமல் முழுங்கச் சொல்லிச் சைகை காட்டினார். நம்ம ஊர் வைத்தியமேதான். முழுங்கினேன். "போச்சா?" என்று கேட்டார். போய்விட்டது என்றேன். மிச்ச மீனையும் தின்று முடித்தேன். அவருக்கு ரொம்பத் திருப்தி.

அடுத்த ஞாயிறு கருமாதி. பாண்டி வீடியோவில் வந்தான். மொட்டைத் தலையில் முடி முள்ளு முள்ளாக முளைத்திருந்தது. பின்னால் பந்தி நடக்கிற சத்தம். "மாமா ஒனக்கும் எலை போடச் சொல்லிட்டாகண்ணே. பந்தியில எடமில்ல, அதான் அம்மா படத்துக்கிட்டயே போட்டுட்டோம்" என்று போனை அந்தப் பக்கம் திருப்பினான். மாலை போட்ட படத்துக்கு முன்னால் அம்மாவுக்கு ஒன்றும் எனக்கு ஒன்றுமாக இரண்டு இலைகள். இரண்டிலும் சோறு, கறிக்குழம்பு, பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு. இரண்டுக்கும் எதிரில் ஆள் இல்லை.

"இதுல எதுடா எனக்கு?" என்று கேட்டேன்.

போன் அந்த இலைகளுக்கும் படத்துக்கும் மாறி மாறித் திரும்பியது.

"இருண்ணே, மாமாட்ட கேட்டுச் சொல்றேன்" என்றான்.