ஒரே வீட்டுக்கு வந்த இரண்டு குடும்பங்கள்

மூன்று வருடங்களுக்கு முன், ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மைசூரில் மேட்டகள்ளிப் பக்கம் ஒரு சந்தில் நடந்தது இது. ஆடியில் யாரும் வீடு மாற்ற மாட்டார்கள். எங்களுக்கு வேறு வழியில்லை. குடியிருந்த பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். மறுநாள் காலையில் இடிக்க ஆள் வந்துவிடும் என்று சொல்லிவிட்டார்கள்.

நாங்கள் சத்தியமங்கலத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கணவருக்கு லேத் பட்டறையில் வேலை, எனக்குக் கார்மென்ட்ஸில் தையல், இரண்டு பெண் பிள்ளைகள். அலைந்து திரிந்து, கடைசியில் ஒரு புரோக்கர் மூலம் ஒரு ஹாலும் ஒரு ரூமும் உள்ள வீடு அமைந்தது. அட்வான்ஸும் கொடுத்தாயிற்று.

குட்டியானை வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தால், அந்த வீட்டு வாசலில் ஏற்கெனவே ஒரு வண்டி நிற்கிறது. ஒருவர் கட்டிலை இறக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்கு வந்தவர்கள் என்றுதான் நினைத்தேன். அவர் சாவியை எடுத்து நாங்கள் குடிவர வேண்டிய வீட்டின் பூட்டைத் திறந்தார்.

அவர்கள் குண்டலுபேட்டைக்காரர்கள். சின்ன வயதுத் தம்பதி, அந்தப் பெண் நிறைமாதக் கர்ப்பிணி. அதே புரோக்கர் அவர்களிடமும் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறான். எங்களுக்கு முன்னால் வந்ததால் அவன் கொடுத்த சாவி அவர்கள் கைக்குப் போய்விட்டது. அவர்களும் பழைய வீட்டைக் காலி செய்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். புரோக்கரின் போன் அணைந்து கிடந்தது. வீட்டுக்காரரோ, "எனக்கு எதுவும் தெரியாது, நீங்களே பேசி முடிச்சுக்குங்க" என்று போனை வைத்துவிட்டார்.

தூறல் ஆரம்பித்தது. எங்கள் வண்டிக்காரர் அடுத்த சவாரிக்குப் போக வேண்டுமென்று சாமான்களைத் தெருவிலேயே இறக்கிவிட்டார். இரண்டு ஆண்களும் கன்னடத்தில் கத்த ஆரம்பித்து, ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். நான் சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, எது வந்தாலும் இந்த வாசலை விட்டு நகர்வதில்லை என்று நின்றேன்.

ஏழாவது படிக்கும் பெரியவள் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள். சண்டையைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். அந்தக் கர்ப்பிணிப் பெண் என்னை நோக்கி வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நானும் தயாரானேன். அவள் என் காதோரம் குனிந்து, "அக்கா, பொண்ணு பாவாடையப் பாருங்க" என்று கன்னடத்தில் சொன்னாள்.

பார்த்தேன். என் மகள் பெரியவளாகியிருந்தாள். நடுத்தெருவில், அத்தனை பேர் வேடிக்கை பார்க்க, அவளை மறைவாகக் கூட்டிப்போக எனக்கு ஒரு கதவு இல்லை.

அந்தப் பெண் தன் துப்பட்டாவை உருவி என் மகளின் இடுப்பில் சுற்றி, கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப் போனாள். அவள் கணவர் குறுக்கே வந்தார். உள்ளே விட்டால் அப்புறம் போகமாட்டார்கள் என்று கத்தினார். "சும்னிரி" என்று ஒரே வார்த்தையில் அவர் வாயை அடைத்தாள்.

சின்னவளைக் கணவரிடம் கொடுத்துவிட்டு நானும் பின்னாலேயே போனேன். என்னை மகளோடு பாத்ரூம் பக்கம் விட்டுவிட்டு, துணி எடுத்து வருகிறேன் என்று அவள் தெருவுக்குப் போனாள். அந்த நேரத்தில் என் கணவர் ஜன்னலுக்கு வந்தார். "நான் சின்னவளத் தூக்கிட்டு உள்ள வந்தர்றேன். வந்ததும் தாழ்ப்பாளப் போட்டுரு. அப்பறம் யாரு நம்மள வெளியேத்தறாங்கன்னு பாத்துக்கலாம்" என்று கிசுகிசுத்தார். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகள் இன்றைக்கு எங்கே படுக்கும் என்பதுதான் அவர் கவலை. எனக்கும் அதே கவலைதான்.

வாசல் கதவருகே வந்தேன். கணவர் நுழைந்ததும் கதவை ஒரு தள்ளு தள்ளினால் வீடு எங்களுடையது. வெளியே அவள் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, தூறலில் நனைந்தபடி தன் மூட்டையைக் கிளறி என் மகளுக்குத் துணி தேடிக்கொண்டிருந்தாள். என் கை வரவில்லை.

"வேண்டாங்க. அவ புள்ளத்தாச்சி" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, கதவை அகலத் திறந்து வைத்தேன்.

அவள் துணியோடு வந்ததும் எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கேட்டேன். ரூம் உங்களுக்கு, ஹால் எங்களுக்கு, யாருக்காவது வேறு வீடு கிடைக்கும் வரை இப்படி இருக்கலாமா என்று. அவள் தன் கணவரைப் பார்த்தாள். அவர் தெருவில் நனைந்துகொண்டிருந்த எங்கள் பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தை என் கணவர் பிடித்தார்.

ஒன்றரை மாதம் அப்படித்தான் இருந்தோம். தண்ணீருக்கும் பாத்ரூமுக்கும் சண்டையே வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டபோது மட்டும் நான்கு பேரும் சேர்ந்து பதில் சொன்னோம். அவளுக்கு வலி எடுத்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூடப்போனது நான்தான். அதன் பிறகுதான் எங்களுக்கு வேறு வீடு அமைந்தது. அந்தப் புரோக்கர் இன்றுவரை கண்ணில் படவில்லை.

"என் மனைவி அன்றைக்குக் கதவைச் சாத்தவில்லை" என்று கணவர் இப்போது எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறார். ஆனால் அன்று நாங்கள் முதலில் வந்து, நடுத்தெருவில் நின்றது அவர்களாக இருந்திருந்தால், அவளைப் போல நான் முந்திக்கொண்டு கைகொடுத்திருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். ஆமாம் என்று சொல்ல இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.