இரண்டு முறை போட்டால் வழியும் மருந்து

ஹார்லன் ஃபெரி ஊரின் மர ஆலையில் ஆர்லோ ஸ்டாங்க் முப்பத்தாறு வருஷம் ரம்பத்துக்குக் கூர் வைத்தார். ஒரு பல் தலைமயிர் அளவு சாய்ந்திருந்தாலும் விரலால் தடவியே சொல்லிவிடுவார். ஆலையை மூடினார்கள். அதற்குள் அவருடைய காதும் பாதி போயிருந்தது. மிச்சமிருந்தது வியாழக்கிழமை மட்டும்தான். ஊருக்கு வெளியே பழைய சரளைக் குழியில் வயதான பத்துப் பதினைந்து பேர் கூடி, இரும்புத் தட்டுகளை வரிசையாக நிறுத்தி ரிவால்வரால் சுடுவார்கள். ஆர்லோவும் போவார், அவர் மனைவி ஃபெர்னும் போவாள். இரண்டு பேருக்கும் தோட்டா வீட்டிலேயே, கார் நிறுத்தும் கொட்டகையில் அவர் கையால் தயாராகும்.

கல்யாணமான நாள் முதல் அந்த வேலையில் ஃபெர்னுக்கும் பங்கு உண்டு. சுட்ட பித்தளை உறைகளைப் பொறுக்கிக் கழுவுவது, வெடிப்பு விட்டதைத் தள்ளுவது எல்லாம் அவள். பள்ளிக்கூடச் சமையலறையில் முன்னூறு பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்ட கை, அதனால் எண்ணிக்கை தவறாது. வெடிமருந்து போடுவது மட்டும் ஆர்லோ. ஐம்பது குழி வெட்டிய மரப்பலகையில் ஐம்பது உறைகளை வாய் மேலே பார்க்க நிறுத்தி, அளவுக் கருவியின் பிடியை இழுத்து ஒவ்வொன்றிலும் மருந்தைக் கொட்டி, டார்ச் அடித்து எல்லாவற்றையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஈயக் குண்டை மேலே வைத்து அழுத்துவார்.

போன வருஷம் ஏப்ரலில் ஒரு காலை, ஃபெர்ன் உறைகளைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆர்லோ ஐந்தாவது வரிசையை முடித்தார். பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முதல் வரிசையின் முதல் உறையை எடுத்து, மறுபடி கருவியின் கீழே பிடித்தார்.

"அதுல போட்டாச்சு ஆர்லோ," என்றாள் ஃபெர்ன்.

அவர் கை நின்றது. "தெரியும். நீ முழிச்சிருக்கியான்னு பார்த்தேன்," என்று சிரித்தார்.

அவளும் சிரித்தாள். ஆனால் அன்று மதியம் அவளுக்குச் சூப்பில் ருசி தெரியவில்லை.

ஏனென்றால் அதற்கு முன்னாலேயே சில நடந்திருந்தன. வண்டிக்குப் பெட்ரோல் போடுவதற்குப் பதில் டீசல். தன் தங்கை இறந்துபோன செய்தியை இரண்டு தடவை கேட்டு, இரண்டு தடவையும் புதிதாக அழுதது. அதெல்லாம் வீட்டோடு போகிற விஷயம். இது அப்படி இல்லை. அவர் பல வருஷமாகப் பயன்படுத்திய மருந்து வேகமாக எரிவது, பொடி கனமானது. மிதமான தோட்டாவுக்கு அதில் ஒரு சிட்டிகை போதும். நீளமான உறையின் அடியில் அது எங்கேயோ கிடக்கும். ஒன்று போட்டாலும் இரண்டு போட்டாலும் மேலிருந்து டார்ச் அடித்துப் பார்க்க அவர் கண்ணுக்கு ஒரே மாதிரிதான். இரண்டு போட்டதைச் சுட்டால் துப்பாக்கி பிளக்கும், பிடித்திருக்கும் கையும் போகும்.

நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஃபெர்னுக்கு வாய் வரவில்லை. அந்தக் கொட்டகையையும் எடுத்துவிட்டால் அந்த மனிதருக்கு மிச்சம் என்ன என்று நினைத்தாள். அதனால் வேறு மருந்து தேடினாள்.

ஆர்லோ தூங்கும் மதியங்களில் அவருடைய தடித்த கையேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியோடு பட்டியல் பட்டியலாகப் படித்தாள். அவளுக்கு வேண்டியது வேகமோ குறியோ இல்லை. இடத்தை அடைக்கிற மருந்து வேண்டும். ஒரு அளவு போட்டால் உறையில் பாதிக்கு மேல் நிறைய வேண்டும், இரண்டாவது அளவு விழுந்தால் வாய்வழியே வழிந்து பலகையில் கொட்ட வேண்டும். குருடனுக்கும் தெரிய வேண்டும். அப்படி மூன்று பெயர் கிடைத்தது. ஒன்றை இப்போது செய்வதில்லை. இன்னொன்று பெரிய தோட்டாவுக்கானது, அதைக் குறைவாகப் போட்டால் சரியாகவே எரியாது என்று கையேடு எச்சரித்தது. மூன்றாவது, தட்டைத் தட்டையாகச் செதில் போல இருக்கும் லேசான மருந்து.

ஊர்க்கடையில் அலமாரி மாதக்கணக்காகக் காலி. நாட்டில் எங்குமே மருந்துத் தட்டுப்பாடு. கடைக்காரி நடீன் கல்லாவில் முழங்கை ஊன்றிக்கொண்டு கேட்டாள்: "அந்தச் செதில் மருந்தா? ஆர்லோ அத நாய்க்குக்கூட வைக்க மாட்டாரே. அடுப்பு சாம்பல் மாதிரி துப்பாக்கி பூரா அழுக்காக்கும்னு என்கிட்டயே திட்டியிருக்காரு."

"எனக்குத்தான். மணிக்கட்டு வலி. இது மெதுவாத் தள்ளுமாம்."

நடீன் அவளைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். "ஆர்லோ நல்லா இருக்காரா?"

"அவருக்கென்ன. காதுதான் கேக்கல."

மூன்று வாரம் கழித்து நடீன் ஒரே ஒரு டப்பா எடுத்து வைத்திருப்பதாகக் கூப்பிட்டாள்.

ஆர்லோ மூடியைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிப் பார்த்தார். "இது என்ன தவிடு? கோழிக்கு வாங்கினியா?"

"என் கைக்கு வாங்கினேன். அந்தப் பழைய மருந்து உதைக்குது."

"நாப்பது வருஷமா உதைக்காதது இப்ப உதைக்குதா?"

"நாப்பது வருஷத்துக்கு முன்னாடி இந்தக் கை எனக்கு இல்ல. சும்மா போடு ஆர்லோ."

முணுமுணுத்துக்கொண்டே போட்டார். செதில்கள் கருவியில் ஒழுங்காக இறங்காமல் சிக்கின, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தட்டு தட்ட வேண்டியிருந்தது. புகை வந்தது, எரியாத துணுக்குகள் கையில் ஒட்டின. வியாழக்கிழமை கூட்டத்தில், "ஸ்டாங்க் வீட்டுல விறகு போட்டுச் சுடறாங்க," என்று கேலி பேசினார்கள். ஆனால் தோட்டா மெதுவாகத் தள்ளியது, தட்டு விழுந்தது. பழைய மருந்தில் செய்த ஏழு பெட்டிகளை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஃபெர்ன் அலமாரியின் அடித்தட்டில் தள்ளி வைத்தாள். அவற்றைப் பற்றி அதற்கு மேல் அவள் நினைக்கவில்லை. நினைக்காமல் இருக்க முயன்றாள் என்பதே சரி.

மே, ஜூன் இரண்டு மாதமும் அவள் கொட்டகைக்குள் போகும்போதெல்லாம் மேஜை துடைத்துப் பளிச்சென்று இருந்தது. பலகையில் ஒரு செதில் கிடையாது. அவளுக்கு மனது லேசாயிற்று. ஏப்ரலில் பார்த்தது ஏதோ ஒருநாள் தடுமாற்றம் என்று தேற்றிக்கொண்டாள்.

ஜூலையில் எலிப்பொறி வைக்க மேஜைக்கு அடியில் குனிந்தபோது, சுவரோரம் பழைய காப்பித் தகரம் ஒன்று இருந்தது. நகர்த்தினாள். உள்ளே சரசரத்தது. கால் தகரம் அந்தச் செதில் மருந்து, தூசியும் துடைப்ப மயிருமாக. பெருக்கி அள்ளியது.

தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சிறிது நேரத்தில் ஆர்லோ வந்தார். வாசலிலேயே நின்று தகரத்தைப் பார்த்தார்.

"அதக் கொட்டிடணும்னு இருந்தேன்," என்றார்.

"எத்தன தடவ ஆர்லோ?"

"எண்ணிட்டுதான் வந்தேன். அப்புறம் எண்ணினது மறந்துபோச்சு." சிரிக்கப் பார்த்தார். அது வரவில்லை. "ஒரு பலகைக்கு ரெண்டு, மூணு. சில நாள் ஜாஸ்தி. ஒரு நாள் பாதிப் பலகையும் வழிஞ்சுது."

"என்கிட்ட சொல்லலையே."

"நீயும்தான் கைவலின்னு சொன்ன."

அவர் தகரத்தை அவள் மடியிலிருந்து எடுத்து, செதில்களை விரலால் கிளறினார். பிறகு கேட்டார். "இதுல வழியுது, தெரியுது. அதுல வழியாதே ஃபெர்ன். பழைய பெட்டியெல்லாம் எங்க?"

நான்கு நாள் காலையும் மாலையும் வேலை அதுவாகவே இருந்தது. சுத்தியல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கருவி உண்டு. அதன் தலைக்குள் தோட்டாவைச் செருகி மரக்கட்டையில் ஓங்கித் தட்டினால், குண்டும் மருந்தும் கழன்று உள்ளே விழும். ஆர்லோ தட்டினார், ஃபெர்ன் மருந்தைத் தராசில் நிறுத்தாள். முன்னூற்று ஐம்பது தோட்டா. இரண்டாம் நாள் ஆர்லோ களைத்துவிட, தட்டுவதும் அவள் வேலையாயிற்று; வலி என்று பொய் சொன்ன மணிக்கட்டு உண்மையிலேயே வீங்கிப்போனது. பதினோரு தோட்டாவில் இரண்டு அளவு மருந்து இருந்தது. முதல் மூன்று தடவை தராசு முள் எகிறியபோதும் ஆர்லோ, "யாருக்கு வெச்சிருந்தேனோ," என்றார்.

இன்னும் இரண்டு பெட்டி வெண்டெல் பிராக்கிடம் இருந்தது. சரளைக் குழியில் தட்டுகளை நிறுத்துகிறவர், ஆலையில் ஆர்லோவோடு வேலை பார்த்தவர். கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தது. ஃபெர்ன் தனியாகப் போனாள். வெண்டெல் தோட்டத்தில் தக்காளிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஆர்லோ கொடுத்த தோட்டாவத் திருப்பிக் கொடு வெண்டெல். அதுல தப்பு இருக்கு."

அவர் உள்ளே போய் ஒன்றரைப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு, "பிப்ரவரில ஒண்ணு பயங்கரமா உதைச்சுது," என்றார். "சுட்ட உறை வெளிய வரல, குச்சி வெச்சுத் தட்டி எடுத்தேன். என் துப்பாக்கி கனமான ரகம், தாங்கிடுச்சு. அதுக்கப்புறம் அத நான் தொடல."

"அப்பவே ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? ஆர்லோ ஸ்டாங்க் தப்பு பண்ணிட்டான்னா?" வெண்டெல் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "சொல்லியிருக்கணும். யார் வீட்டுப் பேரப்புள்ளையாவது அன்னிக்கு அங்க நின்னிருந்தா... சொல்லியிருக்கணும்தான்."

"நானும் ஏப்ரல்லயே சொல்லியிருக்கணும்," என்றாள் ஃபெர்ன். வண்டியில் ஏறிய பிறகுதான் அழுகை வந்தது. வீட்டில் பிரித்துப் பார்த்தபோது, வெண்டெல் கொடுத்ததில் இரண்டு அளவு போட்டது இன்னும் இரண்டு இருந்தன.

ஆகஸ்டில் ஸ்போக்கேன் நகரத்தில் டாக்டர் மூளைப் படங்களைப் பார்த்துவிட்டு, இனி வண்டி ஓட்டக்கூடாது, துப்பாக்கி வீட்டில் இருக்கக்கூடாது என்றார். மாத்திரை எழுதினார். அது மறதி நோயைத் தீர்க்காது, கொஞ்சம் தாமதப்படுத்தலாம் என்றும் சொன்னார். ஆர்லோ வீட்டுக்கு வந்து இரண்டு ரிவால்வரையும் எண்ணெய் போட்டுத் துடைத்து, துணியில் சுற்றி வெண்டெலிடம் அவரே கொடுத்தார். கொடுக்கும்போது முகம் தெளிவாக இருந்தது. "பெரியதுல டிரிகர் கொஞ்சம் இறுக்கம். ஸ்ப்ரிங்க மாத்திக்கோ," என்றார்.

அந்தத் தெளிவு அந்த மாதத்தோடு சரி. வேலை இல்லாத மனிதர் நாற்காலியில் தூங்கினார், எழுந்தார், மறுபடி தூங்கினார். சில காலைகளில் கொட்டகைக்குப் போய் வெறும் மேஜையின் முன்னால் நிற்பார். கருவிகள் எங்கே என்று கேட்பார். ஃபெர்ன் ஒவ்வொரு தடவையும் நடந்ததைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவர் முகம் முதல்தடவை கேட்பது போலக் கறுத்தது. பதிமூன்று தோட்டா என்றதும், "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்று பதறுவார். அக்டோபரில் அவள் சொல்வதை நிறுத்திக்கொண்டு, கருவிகளைச் சுத்தம் பண்ணக் கொடுத்திருக்கிறது என்றாள். அவர் தலையாட்டிவிட்டு, பொழுதடையும்வரை அங்கேயே நின்றார்.

முதல் பனி விழுந்த வாரம் அவளை இறந்துபோன தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஃபெர்ன் திருத்தவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம், பக்கத்தில் உட்கார் என்றார். உட்கார்ந்தாள்.