தூங்காத நகரத்தில் சந்தியோகு

மன்னார்த் தீவின் பேசாலையில் பிறந்ததே தனக்குக் கிடைத்த தண்டனை என்று சந்தியோகு நினைத்திருந்தார். "எட்டு மணிக்குக் கழுதையும் படுத்திடும். இதெல்லாம் ஒரு ஊரே? மதுரையில இரவெண்டே ஒண்டில்லையாம்!" சேலை எடுக்க மதுரைக்குப் போய்வரும் ஜவாஹிர் சொன்னதைத்தான், தானே கண்ணால் கண்டதுபோல ஒரு வருடமாக அளந்துகொண்டிருந்தார். பேசாலையின் இரவு எப்படியிருக்கும் என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை. பொழுதுபட்டால் வள்ளம் ஏறிவிடுவார். கடலுக்குப் போகாத இரவுகளைக் கள்ளுத் தவறணை எடுத்துக்கொள்ளும்.

அந்த இரவை அறிந்தவள் அவர் மனைவி றஞ்சிதம். காற்று கொஞ்சம் உரத்தாலும் எழுந்து விளக்கைக் கொளுத்தி, செபமாலையோடு குந்தியிருப்பாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இதுதான் அவளுடைய இராக்கால உல்லாசம்.

ஆகவே, எழுபத்தொன்பதில் வேளாங்கண்ணிக்கு நேர்த்திக்கடன் தீர்க்கப் புறப்படும் முன்பே சொல்லிவிட்டாள்.

"போற வழியில மதுரையில ஒரு இரவு நிக்கவேணும். நீங்களும் நானும் சோடியா வீதி சுத்திப் பாக்கவேணும்."

"உனக்கு நான் முழு மதுரையையும் காட்டுறன்," என்றார் சந்தியோகு, அங்கேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரி.

தலைமன்னாரில் கப்பல், இராமேஸ்வரத்தில் ரயில். இரண்டிலும் ஒரு பொட்டு நித்திரை இல்லாமல், பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் மதுரையின் பெருமையை எடுத்துச் சொன்னார். ரயிலில் கேட்டவர்களில் பாதிப்பேர் மதுரைக்காரர்.

மதுரையில் பொழுதுபட்டதும் றஞ்சிதம் தன் ஒரே பட்டுச் சேலையை உடுத்திக்கொண்டாள். கோபுர வாசலில் மல்லிகை குவிந்து கிடந்தது. இட்லிக் கடையில் நிற்க இடமில்லை. எங்கோ நாதஸ்வரம் ஊதினார்கள். வழிகாட்டி சந்தியோகு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்று கடை வாசலில் கிடந்த மரவாங்கில் குந்தினார். தேத்தண்ணி வருமுன் குறட்டை வந்துவிட்டது. ஊரே விழித்திருக்க, உறங்கியது பேசாலைச் சந்தியோகு ஒருவர்தான்.

அவளுக்கு அழுகை முட்டியது. கோபத்தில் தனியே போய் வளையல் கடை, பூக்கடை, தேர்முட்டி எல்லாம் பார்த்தாள். பார்த்ததைச் சொல்லப் பக்கத்தில் ஆளில்லை. திரும்பி வந்தபோதும் அதே வாங்கு, அதே குறட்டை.

"எழுப்பிவிடவாம்மா?" என்றான் கடைக்காரன்.

அவளே உலுப்பி எழுப்பத்தான் தோளில் கை வைத்தாள். நடுச்சாமத்தில் அவர் சட்டை கடல் ஈரமில்லாமல் காய்ந்து, இளஞ்சூடாக இருந்தது.

"வேண்டாம் தம்பி. கிடக்கட்டும்."

பக்கத்தில் உட்கார்ந்தாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அன்றைக்கு அவள் பார்க்கவில்லை. மனம் நிறைந்திருந்தது. அப்படியே அவர் தோளில் சாய்ந்து அவளும் உறங்கிப்போனாள்.

ஊருக்குத் திரும்பியதும் சந்தியோகு கரையில் கூட்டம் சேர்த்துத் தொடங்கிவிட்டார். "மதுரையில நான் ஒரு கண் மூடயில்லை!"

பக்கத்து வீட்டுத் திரேசம்மாவுக்குச் சந்தேகம். சிரிக்கத் தயாராகத்தான் றஞ்சிதத்திடம் வந்தாள். "நீ என்னடி பாத்தனி அங்க?"

"இவர் இரவில நித்திரை கொள்ளுறதைப் பாத்தனான்."

திரேசம்மா சிரிக்கவில்லை. அவளுடைய புருசனும் பொழுதுபட்டால் கடலுக்குப் போகிறவர்.