ஒப்பாரிக்காரிக்கு எழுதிய பத்து இலந்தைப்பழம்

டாக்டர் யாவ் பெய்லிங் தலை நிமிர்ந்து நடந்து ஷிச்சியாவ் ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஐம்பத்து நாலு வயதுப் பெண்மணி. இருபத்தெட்டு வருஷமாக நாடி பார்க்கிறவர். ஆனாலும் காலையில் வீட்டிலிருந்து மருந்துக்கடைக்குப் போகும்போது புது மணப்பெண் மாதிரி தரையைப் பார்த்தபடியே போவார். "எவ்வளவு படிச்சவங்க, எவ்வளவு அடக்கம் பாரு" என்று நூடுல்ஸ் கடைக்காரி தன் மருமகளுக்கு அவரை உதாரணம் காட்டுவாள்.

அடக்கமெல்லாம் இல்லை. டாக்டர் தெருவைப் படித்துக்கொண்டு போவார்.

கஷாயம் காய்ச்சி வடித்த சக்கையை அந்த ஊரில் குப்பையில் போடமாட்டார்கள், நாற்சந்தியில் கொட்டுவார்கள். போகிறவர் வருகிறவர் மிதித்தால் நோய் அவர்கள் செருப்போடு போய்விடும். மிதித்தவன் கதி என்ன என்று கேட்டால், "அவன் அடுத்த சந்தியில விட்டுட்டுப் போறான்" என்பார்கள். அதனால் ஊரின் நோயெல்லாம் சந்திக்குச் சந்தி ஈரமாகக் குவிந்து கிடக்கும். அந்தக் குவியல்களில் தான் சீட்டில் எழுதிய மருந்தை யாவ் தேடுவார். கிடைப்பது அபூர்வம். கசக்கிறது என்று ஒருத்தி வேரை எடுத்துவிட்டு முள்ளங்கி போட்டிருப்பாள். ஒருவன் மூன்று நாள் மருந்தை ஒரே நாளில் காய்ச்சியிருப்பான். ஒரு வீட்டுச் சக்கையில் கோழி எலும்பு இல்லாத நாளே கிடையாது.

"பழைய கஷாயத்த ஆளுக்குத் தக்கபடி மாத்திக் குடுக்கணும்னு சொல்லித்தான் படிக்கவச்சாங்க" என்று மருந்துக்கடைக்காரர் லோவிடம் ஒருமுறை சொன்னார். "இங்க எனக்கு முன்னாடி ஊரே மாத்திடுது."

ஆனால் யாரையும் கேட்கமாட்டார். கூச்சம். பாதி போடுகிற வீட்டுக்கு இரண்டு பங்கு எழுதுவார். இரண்டு பங்கு போடுகிற வீட்டுக்குப் பாதி எழுதுவார். இப்படியே எல்லாருக்கும் குணமாகிக்கொண்டிருந்தது, தெங் யின்மெய் வரும்வரை.

யின்மெய் ஒப்பாரிக்காரி. வாத்தியக் குழுவோடு சாவு வீடுகளுக்குப் போவாள். வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, முழங்காலில் தவழ்ந்து, யாரென்றே தெரியாத ஒரு கிழவரின் பெட்டிமேல் விழுந்து, "அப்பா, உன் செருப்பு வாசல்ல கிடக்கே, நீ எந்தக் காலோட போனே" என்று அவள் இழுத்தால், சொத்துக்கு அடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் சண்டையை நிறுத்திவிட்டு ஐந்து நிமிஷம் அழுவார்கள். சுற்று வட்டாரத்தில் அவளுக்கு ஈடில்லை. அதே குழு கல்யாணங்களுக்கும் போகும். அங்கே சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு சிரித்தபடி பாட வேண்டும்.

அந்த இலையுதிர் காலத்தில் அவள் கண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயிற்று. வங்கி வரிசையில் அழுதாள். சந்தையில் ஒரு வாத்தைப் பார்த்து அழுதாள். அழாத நேரத்தில் கொட்டாவி விட்டாள். எண்பதாவது பிறந்தநாள் விருந்து ஒன்றில் பாடப் போனவள், கிழவரின் முகத்தைப் பார்த்ததும் விம்ம ஆரம்பித்தாள். கிழவர் நூடுல்ஸ் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உயில் எழுத ஆள் அனுப்பினார்.

குழுத் தலைவர் தீர்த்துச் சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் அரிசி மில்காரர் மகள் கல்யாணம். அங்கே ஒரு சொட்டு விழுந்தாலும் யின்மெய்யின் வேலை அவர் மச்சினிக்கு.

"நாக்கை நீட்டு" என்றார் யாவ். நுனி சிவந்திருந்தது. நாடி நூல் மாதிரி ஓடியது. "ராத்திரி எப்படி?"

"நல்லா அழறேன் டாக்டரம்மா."

யாவ் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. காரணமில்லாமல் அழுது கொட்டாவி விடும் பெண்களுக்கென்றே ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய கஷாயம் ஒன்று இருக்கிறது. கோதுமை, அதிமதுரம், பத்து காய்ந்த சிவப்பு இலந்தைப்பழம். அவ்வளவுதான்.

யின்மெய் சீட்டைப் பார்த்தாள். "இது மருந்தா, கஞ்சியா?"

"கஞ்சி மாதிரிதான் இருக்கும்."

"ஒரு கஞ்சிக்கா டாக்டரம்மா நான் இவ்வளவு நேரம் வரிசைல நின்னேன்" என்று சொல்லி அதற்கும் அழுதாள்.

ஒரு வாரம் போயிற்று. அழுகை நிற்கவில்லை. யாவ் லில்லிக் கிழங்கு சேர்த்தார். நிற்கவில்லை. துயரத்துக்கென்று இருக்கும் மரப்பட்டையைச் சேர்த்தார். யின்மெய் இன்னும் சத்தமாக அழுதாள். கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. "புதுத் தெருவுல ஒரு டாக்டர் ஊசி போடறாராம்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். யாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பழைய கஷாயத்தில் தப்பு இருக்க முடியாது. அப்படியானால் தப்பு தன் கையில்தான்.

மறுநாள் காலை கல்பாலத்துச் சந்தியில் யின்மெய் வீட்டுச் சக்கை கிடந்தது. கோதுமை ஊதியிருந்தது. அதிமதுரம், கிழங்கு, பட்டை, எல்லாம் இருந்தன. யாவ் குந்தி உட்கார்ந்து கையிலிருந்த குடையின் நுனியால் கிளறினார். மறுபடி கிளறினார்.

தெருக் கூட்டுகிற அம்மாள் துடைப்பத்தோடு வந்து நின்றாள். "டாக்டரம்மா, ஊரான் சீக்கு உங்க குடைல ஒட்டிக்கும்."

"பழத்தத் தேடறேன்."

"பசின்னா நூடுல்ஸ் கடை திறந்துதான் இருக்கு."

ஒரு பழம்கூட இல்லை. கொட்டைகூட இல்லை.

கடையில் லோ சத்தியம் செய்தார். பொட்டலத்துக்குப் பத்துப் பழம், தன் கையால் எண்ணிப் போட்டது. "கஷாயம் காய்ச்சறது யார்?" என்று யாவ் கேட்டார்.

"அவ புருஷன் பாங்தான். அவ காய்ச்சினா கண்ணீர் விழுந்து உப்புக் கரிக்குதாம்."

யாவ் சீட்டு எழுதும் மேஜையில் போய் உட்கார்ந்தார். பாங் மூங்கில் கூடை முடைகிறவர். நல்ல மனுஷன், பெரிய வயிறு. ஆறு மாதத்துக்கு முன் இதே மேஜையில் அவர் நாக்கைப் பார்த்து, இனிப்பைத் தொடவே கூடாது என்று சொன்னது யாவ்தான். பாங் சொன்ன பேச்சைத் தட்டாதவர். மிட்டாய்க் கடைப் பக்கமே போகவில்லை. மருந்துக்கடையிலிருந்து வருவது எப்படி இனிப்பாகும் என்று நினைத்திருக்க வேண்டும்.

நேரே கேட்டுவிடலாம். ஆனால் பெண்டாட்டி மருந்தைத் தின்றீர்களா என்று ஒரு ஆம்பிளையை எப்படிக் கேட்பது? கேட்டால் அவர் தலை குனிவார். அதைப் பார்த்து யின்மெய் அழுவாள். யாவ் பேனாவை எடுத்தார். அதே கஷாயம். பழத்துக்கு எதிரே மட்டும் சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்.

லோ கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "பழத்த மஞ்சள் வேர்த் தண்ணில ஊறவச்சு, காயவச்சுப் போடவும். இது எந்தப் புஸ்தகத்துல இருக்கு?"

மஞ்சள் வேர் சமையல் மஞ்சள் இல்லை, கசப்புகளுக்கெல்லாம் மூத்த கசப்பு. அந்த இழுப்பறையைத் திறந்தாலே நாக்கின் அடி இழுக்கும்.

"நாக்கு நுனி செவந்திருக்கு. நெஞ்சுச் சூட்டுக்குக் கொஞ்சம் சேர்த்தா நல்லது."

"அப்ப வேரைத் தனியாப் போடலாமே."

"இல்ல. பழத்துல இருக்கணும்."

லோ அடுப்பில் தண்ணீர் வைத்தார்.

ஊமை மஞ்சள் வேரைத் தின்ற கதை என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். கசப்பு தொண்டைவரை இருக்கும், சொல்ல வாய் இருக்காது. அடுத்த நாள் பாங் கடை வாசல் வழியாக மூங்கில் கட்டைத் தூக்கிக்கொண்டு போனார். முகம் பிழிந்த துணி மாதிரி இருந்தது.

"என்ன பாங் அண்ணே, உடம்பு சரியில்லையா?" என்று லோ கூப்பிட்டார்.

"ஒண்ணுமில்ல."

"வாய் கசக்குதா?"

"ஏன் கசக்கணும்? கசக்கல" என்ற பாங், நான்கு தப்படி தள்ளிப் போய்ச் சாக்கடையில் துப்பினார்.

மறுநாள் சந்தியில் ஒன்பது முழுப் பழம் இருந்தது. பத்தாவதில் பல் பதிந்திருந்தது. அதற்கு மறுநாளிலிருந்து பத்தும் முழுசாக இருந்தன. கல்யாணத்துக்கு முந்தின நாள் யின்மெய் அந்த வாத்துக்காரனிடமே பேரம் பேசி வாத்து வாங்கினாள். அரிசி மில்காரர் வீட்டுக் கல்யாணத்தில் சிவப்புச் சட்டையோடு மூன்று மணி நேரம் பாடினாள். மணப்பெண்ணின் தாயே அழுதாள், யின்மெய் அழவில்லை.

யாவ் அந்த வாரம் ஓரிரு தடவை தலை நிமிர்ந்து நடந்தார் என்று சொல்வார்கள்.

பத்து நாள் கழித்து யின்மெய் புருஷனோடு வந்தாள். கண் பளிச்சென்று இருந்தது. முகத்தில் மட்டும் பேயடித்த களை.

"என்னைக் கெடுத்துட்டீங்க டாக்டரம்மா."

"என்ன ஆச்சு?"

"மர வியாபாரி செத்துட்டாரு. பெட்டிமேல விழுந்தேன். ஒரு சொட்டு வரல. எங்கம்மா செத்தத நெனச்சேன். வரல. வாத்த நெனச்சேன். வரல. செத்தவர் பொண்டாட்டி வந்து, 'களைப்பா இருக்கியாம்மா'ன்னு கேக்கறா. நாளன்னிக்கி பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் வீட்டுக் காரியம். அங்கயும் இப்படின்னா அந்த மச்சினி வெள்ளைத் துணியோட தயாரா நிக்கறா."

"முன்னாடியெல்லாம் எப்படி வந்துச்சு?"

"வேணும்னா வரும், வேணாம்னா நிக்கும், குழாய் மாதிரி. அப்பறம் குழாய் கெட்டு ஒழுகிச்சு. ரிப்பேர் பண்ணச் சொன்னா, நீங்க குழாயவே பிடுங்கிட்டீங்க."

யாவ் நாடியைப் பிடித்துப் பார்த்தார். நாடி திடமாக இருந்தது. இவ்வளவு நல்ல நாடியை வைத்துக்கொண்டு ஒரு பெண் பிழைப்புக்குத் திண்டாடுவதை அவர் பார்த்ததில்லை. நோயைச் சேர்க்க மருந்து எழுத முடியாது. ஆனால் எழுதியதில் ஒன்றைக் குறைக்கலாம். கூட்டுவதும் குறைப்பதும்தானே அவர் தொழில்.

"கஷாயத்த நிறுத்த வேணாம்" என்றார். "சாவு வீட்டு வேலைக்கு முந்தின நாளும் வேலை அன்னிக்கும் மட்டும் பழத்த எடுத்துடணும். மத்த நாள் பத்தும் இருக்கட்டும்."

"எடுத்த பழத்த?"

யாவ் மேஜையைப் பார்த்தபடி சொன்னார். "வீணாக்க வேணாம். அண்ணன் சாப்பிடட்டும். ஒரு நாளைக்கு மூணு. அதுக்கு மேல கூடாது."

அதுவரை தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்த பாங் முன்னால் குனிந்தார். "டாக்டரம்மா, அது ஊறவச்ச பழமா, ஊறவைக்காத பழமா?"

லோ சட்டென்று ஓர் இழுப்பறையைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டார். யின்மெய் மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"பழத்த ஊறவச்சாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

யின்மெய் விரல் விட்டு எண்ணினாள். ஒரு வாரம், இரண்டு வாரம், வங்கி வரிசை, பிறந்தநாள் கிழவர். எண்ண எண்ண அவள் கீழுதடு நடுங்க ஆரம்பித்தது. "ஊரே பாக்க ஒரு வாத்து முன்னாடி நின்னு அழுதேன்யா நான்" என்றாள். வீடுவரைக்கும் சொல்லிக்கொண்டே போனாள். சந்திக்குச் சந்தி ஆட்கள் நின்று கேட்டார்கள்.

பெரிய வாத்தியார் வீட்டில் அவள் அழுத அழுகையில் பக்கத்துத் தெருவிலிருந்து ஜனங்கள் வந்துவிட்டார்கள். குழுத் தலைவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மச்சினி வெள்ளைத் துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். பழத்தைக் குறைத்ததால் வந்ததா, புருஷனை நினைத்து வந்ததா என்று யாவுக்குத் தெரியவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலை கல்பாலத்துச் சந்தியில் சக்கை கிடந்தது. கோதுமை, அதிமதுரம், கிழங்கு, பட்டை. பழம் இல்லை. எழுதியது எழுதியபடி. அதன் பக்கத்தில், சுத்தமாக நக்கிய இலந்தைக் கொட்டைகள் வரிசையாகக் கிடந்தன. யாவ் குனிந்து எண்ணினார். நாலு.

அடுத்த தடவை பாங்குக்கு எழுதும்போது, ஒரு நாளைக்கு இரண்டு என்று எழுதினார்.