கொட்டுவதும் உதறுவதும்

சந்திரவல்லியின் கணவர் விஜயபாண்டி ஆனியில் இறந்துபோனார். போடியில் ஏலக்காய்க் கடைகளுக்குக் கணினி பார்த்துக் கொடுத்தவர். மென்பொருள் பொதிகளை நிறுவுவது, எடுப்பது பற்றிக் கடைக்காரர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதி இணையத்தில் வைத்திருந்தார். அதைத் திருத்தும் பொறுப்பு இப்போது அவளுடையது. நான்கு மாதமாக ஓர் எழுத்தைக்கூட அவள் மாற்றவில்லை. மாற்ற மாற்ற அதில் இருக்கும் அவர் பேச்சு குறைந்துபோகும் என்று பயம்.

ஐப்பசியில் ஒரு காலை, ஏலக்காய்க் கடைக்காரர் அப்துல் சமது போனில் கூப்பிட்டார்.

"தங்கச்சி, மாப்ளே எழுதுனபடிதான் செஞ்சேன். மூட்டைக்குச் சீட்டு அடிக்கிறதுல அளவெல்லாம் அழிஞ்சுபோச்சு. வெரசா வாம்மா."

போய்ப் பார்த்தாள். கையேட்டில் இரண்டு கட்டளைகள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று பொதியை மட்டும் எடுக்கும். மற்றொன்று அதன் அமைப்புகளையும் சேர்த்து அழிக்கும். இரண்டுக்கும் 'நீக்கு' என்றே எழுதியிருந்தார் விஜயபாண்டி. சமது இரண்டாவதைத் தட்டியிருந்தார்.

"ஏண்ணே அதப் போட்டீக?"

"அதுதான் சின்னதா இருந்துச்சு."

பழைய மூட்டைகளில் ஒட்டியிருந்த சீட்டுகளை அளந்து அளந்து, அளவுகளை மறுபடி ஏற்றினாள். முதுகு விண்விண் என்றது. பக்கத்தில் காய் தரம் பிரிக்கும் அய்யம்மாள் ஒரு சாக்கைக் கவிழ்த்துவிட்டு, அப்படியே அடுத்த காயை அள்ளிப் போட்டாள். இன்னொரு சாக்கை மட்டும் மூலை மூலையாகப் பிடித்து உதறினாள்.

"இத மட்டும் ஏன் உதறுறீக?"

"அது அதே ரகம், கொட்டுனாப் போதும். இதுல வேற ரகம் போடணும், பழசு கலந்துருமில்ல? கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைக்கு இது தெரியலையா ஆத்தா!"

மதியம் வீட்டுக்கு வந்து கையேட்டைத் திறந்தாள். பதினேழு இடங்களில் 'நீக்கு' இருந்தது. 'உதறு' என்று போடலாம்தான். சாக்கைக் கையால் தொடாதவர்களும் படிப்பார்களே. பதினோரு இடங்களில் 'நீக்கு' அப்படியே நின்றது. ஆறு இடங்களில் 'அடியோடு நீக்கு' ஆயிற்று. கீழே அய்யம்மாளின் சாக்கை ஒரு வரியில் உதாரணமாகச் சேர்த்தாள். பிறகு சமதுவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினாள்.

"இப்பப் புரியுதாண்ணே?"

"நல்லாப் புரியுது. மாப்ளே இருந்தா, தான் எழுதுனதுதான் சரின்னு சண்டைக்கு வந்திருப்பான்."

"வந்திருப்பாரு" என்றாள்.

போனை வைத்துவிட்டு, கையேட்டைச் சேமித்தாள்.