இரண்டு நிறுத்தங்கள்

வெயில் தகரக் கூரையின் விளிம்புக்கு இறங்கியதும் சைக்கிள் ஸ்டாண்டு அக்கா வண்டிகளைத் திருப்பத் தொடங்கிவிடுகிறார். இடது கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து, வலது கையால் சீட்டுக்கு அடியில் தூக்கி, பின்சக்கரத்தை அரைவட்டம் அடிக்கவைத்து, ஒவ்வொரு வண்டியின் முகத்தையும் புறநகர்ப் பக்கமாகத் திருப்பி வைப்பார். காலையில் டிராமைப் பிடிக்கிற அவசரத்தில் போட்டுவிட்டுப் போன வண்டிகள் எல்லாம் நகரத்தைப் பார்த்து நின்றிருக்கும். மாலையில் நாங்கள் டிராமை விட்டு இறங்கி வரும்போது அவை வீட்டைப் பார்த்து நிற்கும். யாரும் கேட்டு அவர் இதைச் செய்யவில்லை. ஏன் என்று கேட்டால், "அலுத்து வர்ற மனுசன் வந்ததும் ஏறி மிதிக்கணும். வண்டிகூட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கக்கூடாது" என்பார்.

இதனாலேயே ஹேண்டிலைப் பூட்டுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. "பூட்டுறதா இருந்தா வீட்லயே பூட்டி வச்சுக்க. என்கிட்ட விட்டா நம்பி விடு." புதிதாக வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அடுத்த வாரம் பூட்டாமல் விடுவார்கள்.

ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டையை உடைக்கு மேலே மாட்டிக்கொண்டிருப்பார். அது கணவருடையது. பையில் டயர் ஒட்டும் பசை, ஒரு ஸ்பானர், கொஞ்சம் பட்டாணி. பட்டாணியை ஒவ்வொன்றாகத்தான் தின்பார். வாயில் ஒன்று தீராமல் அடுத்ததை எடுக்கமாட்டார்.

பெயர்கள் அவரிடம் தங்குவதில்லை. மனிதர்களை வண்டியை வைத்துத்தான் அறிவார். வங்கியில் வேலை பார்க்கிறவர் 'கிழிஞ்ச சீட்டு'. மருத்துவமனைச் செவிலி 'கூடை'. பள்ளி ஆசிரியர் 'கிரீச்'. நான் 'ஊமை பெல்'. "ரெண்டு நாளா கிழிஞ்ச சீட்டைக் காணோமே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அவர் கேட்டால் புதியவர்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. வங்கிக்காரர் ஒருமுறை புதிய சீட் உறை போட்டுக்கொண்டு வந்தபோது, அன்று மாலை அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார். ஓட்டுச்சில்லு பொருந்திய பிறகுதான் வண்டியைக் கொடுத்தார். ஆனால் பெயரை மாற்றவில்லை. இன்றைக்கும் அவர் கிழிஞ்ச சீட்டுதான்.

ஓட்டுச்சில்லைச் சொல்லவேண்டும். மற்ற இடங்களில் எண் போட்ட தகடு தருவார்கள். அக்கா தருவது உடைந்த டைல்ஸ் துண்டு. அவருடைய கணவர் டைல்ஸ் பதிக்கும் மேஸ்திரி. வேலையிடங்களில் மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவந்து குவித்திருந்தார். அக்கா ஒவ்வொன்றையும் இரண்டாக உடைத்து, ஒரு பாதியில் துளை போட்டு வண்டியில் தொங்கவிடுவார், மறு பாதியை நம் கையில் கொடுப்பார். மாலையில் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார். உடைந்த விளிம்பு பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. என் துண்டில் நீலப் பூவின் பாதி இருக்கிறது. மறு பாதியை நான் மாலையில் மட்டும்தான் பார்க்கிறேன்.

ஸ்டாண்டு இருப்பது டிராம் பாதை முடிகிற இடத்தில். தண்டவாளம் ஒரு வளையம் போட்டு வந்த வழியே திரும்பிவிடும். அதற்கப்பால் கிடங்குகள், தொழிலாளர் குடியிருப்புகள், பாதி கட்டிய அடுக்குமாடிகள். அங்கிருந்து வருகிறவர்களுக்கு அக்காதான் வாசல். முன்னால் ஒரு பலகை உண்டு. ஒரு காலத்தில் அதில் 'சைக்கிள் நிறுத்தம்' என்று எழுதியிருந்ததாம். மழையும் துருவும் முதல் சொல்லைத் தின்றுவிட்டன. மிச்சம் இருப்பது 'நிறுத்தம்'. அதை நம்பி அதன் கீழே டிராமுக்காக நிற்கிறவர்கள் தினமும் உண்டு. "அந்த நிறுத்தம் எதிர்ல. இது என் நிறுத்தம்" என்று அக்கா விரட்டுவார்.

அந்தப் பலகைதான் அவரை ஏமாற்றியது என்று நினைக்கிறேன்.

இந்த ஆண்டின் தொடக்கத்தில் டிராம் கம்பத்தில் அறிவிப்பு ஒன்று ஒட்டினார்கள். புறநகர்களுக்கு டிராமை நீட்டிக்க இரண்டு யோசனைகள், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று இருந்தது. முதல் யோசனையின் கீழே ஒரு வரி: 'தற்போதைய கடைசி நிறுத்தம் விரிவுபடுத்தப்படும்.' அக்கா அதைக் கம்பத்தடியில் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தார். அன்று மாலை வந்த எல்லோருக்கும் கைநிறையப் பட்டாணி கிடைத்தது.

"நம்ம நிறுத்தத்தைப் பெருசாக்கப் போறாங்க. கூரைகூட மாத்துவாங்கபோல. டிராம் வந்தா சனம் சாஸ்தியாகும்ல, வண்டியும் சாஸ்தியாகும்ல, அதான்."

கிழிஞ்ச சீட்டு தன் செருப்பைப் பார்த்தார். கிரீச், கழலாத சங்கிலியைக் குனிந்து சரிசெய்தார். டிராமே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால் இங்கே யார் வண்டியை விடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பல நாட்கள் அப்படியே போயின. அக்கா கூரைக்கு என்ன நிறம் நல்லது என்று அபிப்பிராயம் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் சொன்னவர் டிராம் ஓட்டுநர்தான். தேவையில்லாத இடத்திலும் மணி அடிப்பதால் அவருக்கு 'டிங்டிங்' என்று பெயர். வண்டி திரும்பும் நேரத்தில் ஸ்டாண்டு பெஞ்சில் வந்து உட்காருவார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நிறுத்தம்னு போட்டிருக்கிறது உங்க நிறுத்தம் இல்ல. எங்க நிறுத்தம்."

"ரெண்டும் ஒண்ணுதானேப்பா."

"இல்லக்கா. எங்க பிளாட்பாரத்தை இழுக்கிறாங்க. இந்த இடம் வரைக்கும் வருது."

அக்கா வாயில் இருந்த பட்டாணியை மெல்லாமல் நின்றார். "இந்த இடம்னா?"

டிங்டிங் உட்கார்ந்திருந்த பெஞ்சைத் தட்டிக் காட்டினார். "இதுவரைக்கும். ரெண்டாவது யோசனையிலதான் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. டிராம் இங்கயே நிக்கும், இங்கேருந்து சின்ன பஸ் விடுவாங்க."

அக்கா பலகையை அண்ணாந்து பார்த்தார். "அப்ப உன் நிறுத்தம் வந்தா, என் நிறுத்தத்துக்கு நிறுத்தம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். டிங்டிங்கும் சிரித்துவைத்தார். அன்று மாலை சில வண்டிகள் நகரத்தைப் பார்த்தபடியே நின்றன. அவரவர் வண்டியை அவரவரே சத்தமில்லாமல் திருப்பிக்கொண்டு போனோம்.

அந்த வாரத்தில் ஒருநாள் அக்காவின் சொந்த சைக்கிள் காற்றிறங்கி, பசையும் தீர்ந்துபோயிருந்தது. அவர் வீடு என் வீட்டுக்குப் போகும் வழியில்தான். இருவரும் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். பிரதான சாலையை ஒட்டிய சந்தில் இரண்டு அறை வீடு. மேஸ்திரி வாசலிலேயே நின்றிருந்தார். பளிங்குபோலத் தளம் போடுகிறவர் வீட்டில் வெறும் சிமெண்டுத் தரை.

"என்ன முதலாளியம்மா, ஊர் சைக்கிளுக்கெல்லாம் காவல் இருக்கிறவ சைக்கிள்லயே காத்து இல்லையா?"

"டைல்ஸ் மேஸ்திரி வீட்ல டைல்ஸ் இருக்கா? அந்தக் கதைதான். காலைத் தூக்குனீங்களா இன்னிக்கு?"

மாடிப்படிக்குக் கல் பதிக்கும்போது விழுந்தவர். இடுப்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். வலது கால் சரியாக மடங்காது, உயரத் தூக்க வராது. சைக்கிள் கேரியரில் அவரை உட்காரவைக்க முடியாது. நகரத்து மருத்துவமனையில் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். வாடகை வேனில் சில தடவை போனார். ஏற்றும்போது ஓட்டுநர், "பெரியவரே, சீக்கிரம், பின்னாடி வண்டி நிக்குது" என்று இடுப்பைப் பிடித்து உள்ளே தள்ளினாராம். "பார்சல் அனுப்புற மாதிரி" என்றார் மேஸ்திரி. அதற்குப் பிறகு வீட்டை விட்டு அவர் போகவில்லை.

வாசற்படியோரம் ஒரு செங்கல் கிடந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலை அதன்மேல் வைத்து எடுத்துக் காட்டினார். முகத்தில் வேர்வை அரும்பியது. அக்கா உதவிக்குப் போகவில்லை. பக்கத்தில் நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கால் தரைக்கு வந்ததும், "போன மாசம் இதுவும் வரல" என்று என்னிடம் சொன்னார், அவருக்குக் கேட்கிறமாதிரி.

சந்து முனையைக் கை காட்டினார். "முதல் யோசனைப்படி டிராம் அங்கதான் நிக்குமாம். இவரு இங்கேருந்து அவ்வளவு தூரம் நடந்துடுவாரு."

கருத்துக்கேட்புக் கூட்டம் நெருங்க நெருங்க ஸ்டாண்டில் பேச்சு குறைந்தது. எல்லோருக்கும் டிராம் வேண்டும். அக்காவின் முகத்துக்கு நேரே அதை எப்படிக் கேட்பது? ஒருநாள் மாலை அவரே ஹேண்டில்பாரை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"எதுக்கு எல்லாரும் எழவு வீட்டுக்கு வந்தமாதிரி வந்து போறீங்க? டிராம் வேணும்னா வேணும்னு சொல்லுங்க. எனக்காக யாரும் வாயில பூட்டு போட வேணாம். எனக்குப் பூட்டுனாலே ஆகாது."

கூடை மட்டும் கேட்டார். "நீங்க என்னக்கா சொல்லப்போறீங்க?"

"அங்க வந்து கேட்டுக்க."

கூட்டம் டிராம் கொட்டகையில் நடந்தது. பழுதுபார்க்கும் பள்ளத்தைப் பலகையால் மூடி நாற்காலி போட்டிருந்தார்கள். கடைக்காரர்கள் தூசு பற்றிப் பேசினார்கள். மனை வாங்கிப் போட்டிருந்த ஒருவர் வளர்ச்சி பற்றிப் பேசினார். அக்காவின் முறை வந்தபோது சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தார். ஒலிவாங்கியைக் கையில் வாங்கவில்லை. அவர் குரலுக்கு அது தேவையுமில்லை.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம். எங்க பக்கம் வர்ற டிராமுக்குப் படி எவ்வளவு உயரம்?"

திட்ட அதிகாரி இளம்பெண். "எந்தப் படிங்க?"

"ஏறுற படி. இப்ப ஓடுற வண்டிக்கு இவ்வளவு." குனிந்து முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்துக் காட்டினார். "டவுனுக்குள்ள புதுசா விட்டிருக்கிறது தரையோட தரையா இருக்குது. எங்களுக்கு எது?"

அதிகாரி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பிறகு அக்காவையே பார்த்துச் சொன்னார். "முதல்ல பழைய வண்டிதான் வரும். புதுசு வந்ததும் மாத்துவோம்."

"எப்ப மாத்துவீங்க?"

"தெரியலைங்க. ஏதாவது சொன்னா பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

"பொய் சொல்லாததுக்குப் புண்ணியம் உங்களுக்கு." அக்கா தலையசைத்தார். "டிராம் எங்க சந்து வரைக்கும் வரும். எங்க வீட்டுக்காரர் கால் வரைக்கும் வராது. அப்படித்தானே?"

அதிகாரி பேனாவை எடுத்தார்.

"அப்ப ரெண்டாவது யோசனைன்னு எழுதிக்கட்டுமாங்க? உங்க ஸ்டாண்டும் அப்படியே இருக்கும்" என்றார் அதிகாரி. இரக்கத்தோடுதான் கேட்டார்.

அக்கா எங்கள் வரிசையை ஒருமுறை பார்த்தார். கிழிஞ்ச சீட்டு, கூடை, கிரீச், எல்லோரும் இருந்தோம். சட்டைப் பையில் கையை விட்டார், பட்டாணியை எடுக்கவில்லை.

"வேணாம். முதலாவதுன்னே எழுதுங்க. வண்டி வந்துட்டா, படியை எறக்குன்னு அதுகிட்டச் சண்டை போடலாம். வராத வண்டிகிட்ட என்னத்தைச் சண்டை போடுறது?"

உட்கார்ந்துவிட்டார்.

முதல் யோசனையே முடிவாயிற்று. ஒருநாள் மதியம் அளவெடுக்கிறவர்கள் வந்து ஸ்டாண்டின் தூண்களில் சிவப்பு மையால் குறி போட்டுவிட்டுப் போனார்கள். அக்கா அவர்களுக்கு நிழலில் இடம் ஒதுக்கிக் கொடுத்து, மை சைக்கிள்களில் படாமல் பார்த்துக்கொண்டார் என்று டிங்டிங் சொன்னார். இடத்துக்குப் பதில் இடம் தருவதாகப் பேச்சிருக்கிறது. பேச்சாகத்தான் இருக்கிறது.

குறி போட்ட அன்று நான் வழக்கத்தைவிட முன்னதாகத் திரும்பிவிட்டேன். வெயில் கூரையின் விளிம்புக்கு இறங்கியிருந்தது. அக்கா வரிசையின் கோடியில், கூடையின் வண்டியிடம் இருந்தார். அதற்கு ஸ்டாண்டு உடைந்து வெகுகாலம் ஆகிறது. சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துத்தான் நிற்கும். அப்படி நிற்கிற வண்டிகள் இன்னும் சில உண்டு. அக்கா வண்டியைச் சிவப்புக் குறி போட்ட தூணில் சாய்த்துவிட்டு, அடியிலிருந்த இரண்டு செங்கற்களையும் உருவினார். ஒன்றோடொன்று தட்டி மண்ணை உதிர்த்தார். மேஸ்திரி கால் தூக்கிப் பழகும் செங்கல்லோடு சேர்க்க ஒன்று போதுமா, இரண்டும் வேண்டுமா என்பதுபோல ஒன்றின்மேல் ஒன்றாகத் தரையில் அடுக்கி, தன் காலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கூட்டத்தில் கை வைத்துக் காட்டிய இடத்துக்கு அது இன்னும் எட்டவில்லை. சட்டையைக் கழற்றி இரண்டையும் அதில் சுற்றி, தன் சைக்கிள் கேரியரில் வைத்துக் கயிற்றால் இறுகக் கட்டினார். பிறகு கூடையின் வண்டியையும் தூக்கி, வீட்டுப் பக்கமாகத் திருப்பித் தூணில் சாய்த்து வைத்தார்.