பலாபத்வலையில் சேலை கட்டிய சூடான்காரி

காலை எட்டரைக்குக் கண்டியில் பஸ் ஏறினேன். மாத்தளையில் இறங்கும்போது பத்து மணி. பலாபத்வலைக்கு இன்னும் ஏழு கிலோமீற்றர். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் எழுநூறு ரூபாய் பேசி ஆட்டோ பிடித்தேன்.

"ஒரு பொம்மையப் பார்க்கவா கண்டியில இருந்து வாறீங்க?" என்று சிரித்தார் ஓட்டுநர் ரியாஸ் நானா.

என்ன செய்வது, வெள்ளைக்காரர்கள் ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டுப்போன பொருட்களைத் தேடித் திரிவது என் பைத்தியம். பலாபத்வலையில் அப்பக்கடை வைத்திருக்கும் செல்வியக்காவின் அப்பா, தோட்டத்துப் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். அவருடைய துரை முன்பு சூடானில் அதிகாரியாம். தோட்டத்தை அரசாங்கம் எடுத்தபோது, துரை ஒரு மரப் பெண்ணை அவரிடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். அப்பா அதை அம்மனாக்கிக் கும்பிட்டார்.

கடைக்குப் பின்னால் இருந்த சாமி அறைக்கு என்னையும் ரியாஸ் நானாவையும் செல்வியக்கா கூட்டிப்போனார். மஞ்சள் சேலை, குங்குமம், வேப்பிலை. உயரம் ஒரு முழம் இருக்கும். நீள முகம், காதுமடலில் துளைகள். சூடானின் தெற்கே வாழும் அசாண்டே மக்களின் கைவேலை என்றே பட்டது. இதை எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். சொல்லிவிட்டேன்.

"அப்போ இது மாரியாத்தா இல்லீங்களா?"

"ஆபிரிக்காவுல செஞ்சதுங்க அக்கா. துரைக்கு எப்படிக் கிடைச்சதாம்?"

"அங்க ஒரு தலைவர் குடுத்தாருன்னு அப்பாகிட்ட சொன்னாராம். குடுத்தாங்களோ, இவரு புடுங்கினாரோ, யாரு கண்டா?" அம்மனின் சேலை மடிப்பைச் சரிசெய்தார். "அங்க தேடுவாங்கல்ல?"

தென்சூடானில் எனக்குத் தெரிந்த அசாண்டே ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், படம் அனுப்பினால் ஊரில் கேட்பார், ஆனால் அவர்கள் கேட்டால் கொடுக்கவேண்டி வரலாம் என்றேன். சேலையை அவிழ்க்கச் சொல்ல வாய் வரவில்லை.

அவரே சொன்னார்: "சேலையோட எடுத்தா அவங்க ஆளுங்களுக்கே அடையாளம் தெரியாதே." கண் கலங்கியிருந்தது. "போனைக் குடுங்க, நானே எடுக்கறேன். ரெண்டு பேரும் வெளியே போங்க. அம்மனுக்குச் சேலை மாத்துறப்ப ஆம்பளைங்க நிக்கக்கூடாது."

கதவைச் சாத்திக்கொண்டார். கண்டியிலிருந்து வந்தவன் வாசலில் நின்று பிளேன்டீ குடித்தேன். ரியாஸ் நானாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கதவு திறந்தபோது அம்மன் பழையபடி சேலையில் இருந்தாள். "வந்து கேட்டா குடுத்துருவேன்," என்றார் செல்வியக்கா. "ஆனா புதுச்சேலை கட்டித்தான் அனுப்புவேன். அதையும் சொல்லிருங்க."

திரும்பும் பஸ்ஸில்தான் படங்களைப் பார்த்தேன். குட்டைக் கால்கள், தொப்புளைச் சுற்றிக் கீறிய கோடுகள், எல்லாம் தெளிவாக விழுந்திருந்தன. நெற்றிக் குங்குமத்தை மட்டும் அவர் துடைக்கவில்லை. அப்படியே அனுப்பினேன்.